ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். இந்தப் பத்தியை அச்சுக்குத் தயார் செய்கிறவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். எழுத்துப் பிழையும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒரு வரி எழுதிவிட்டு, சரியா தப்பா என்று நான்கு தடவை பார்ப்பேன். அப்படியும் தப்பாகத்தான் இருக்கும். வாரா வாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் அப்படி.

சமீபத்தில் தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில் ஒருவர் என்னைத் தேடி வந்து வணக்கம் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போய்விட்டது.

ஏன் கூச வேண்டும்? இருநூறு பேர் பார்க்க நான் அவமானப்படுத்திய மனிதர் அவர்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

தக்காளியை விட்டுவிட்டுப் பட்டுப்புழுவுக்கு வந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். மாரண்டஹள்ளிப் பக்கம் கொஞ்சம் நிலம், அதில் மல்பெரி, ஓரத்தில் ஒரு புழு ஷெட். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஷெட்டில் புழு இருக்கும்போது இன்னொரு புழுக்காரரை உள்ளே விடமாட்டோம். அவரும் வர மாட்டார். ஒரு ஷெட்டின் நோய் காலோடு கையோடு அடுத்த ஷெட்டுக்கு வந்துவிடும். நாங்களே வாசலில் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். சம்பந்தியே புழுக்காரராக இருந்தாலும் அவருக்கு வெளியேதான் நாற்காலி.

அப்படியென்றால் புழுவுக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது?

அதற்குத்தான் இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப். உரக்கடை முருகேசன் அண்ணன் ஆரம்பித்தது. அவர்தான் அட்மின். போட்டோ எடுத்துப் போட்டால், பார்த்தவர்கள் சொல்வார்கள். ஒரே ஒரு கண்டிஷன் — வாய்ஸ் மெசேஜ் போடக் கூடாது. ஒருத்தர் தன் மோட்டார் ரிப்பேரைப் பற்றி, மோட்டார் ஓடுகிற சத்தத்தையும் சேர்த்து, மூச்சு விடாமல் பேசி அனுப்பிய நாளிலிருந்து அந்தச் சட்டம். எல்லாரும் எழுதித்தான் போட வேண்டும்.

எழுத வராதவர்கள் என்ன செய்வார்கள்? கும்பிடு போடுவார்கள். கட்டைவிரலைத் தூக்குவார்கள். இல்லையென்றால் எங்கிருந்தாவது ஒரு கட்டுரையின் லிங்க்கைக் கொண்டுவந்து தள்ளிவிடுவார்கள்.

இந்த லிங்க் விவகாரம் இருக்கிறதே… தழை வெட்டுகிற கத்தி எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று ஒருவர் கேட்பார். பதிலுக்கு சீனாவில் புழு வளர்ப்பதைப் பற்றி ஒரு முழநீளக் கட்டுரை வரும். எழுதியது யார், எந்த வருஷம், எதற்காக இங்கே போடுகிறார் — ஒன்றும் இருக்காது. கீழே வரிசையாகக் கும்பிடுகள். போட்டவரும் படித்திருக்க மாட்டார், கும்பிட்டவரும் படித்திருக்க மாட்டார். கத்தி கேட்டவர் கேட்டபடியே நிற்பார்.

அதனால் வெறும் லிங்க்கைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். அந்த எரிச்சல்தான் என்னைக் கவிழ்த்தது.

புழு கடைசித் தோலை உரித்துவிட்டு வெறியோடு தழை தின்ன வேண்டிய நேரம். ஷெட்டுக்குள் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்க வேண்டும். அன்றைக்குக் காலையில் சத்தமே இல்லை. புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. போட்ட தழை போட்டபடி கிடந்தது.

ஈரத்தில் வந்த நோய் என்று நினைத்தேன். சுண்ணாம்புத் தூள் தூவினேன். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு, எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதினேன்: "புழு தலைய தூக்குது. தழை திங்கல. என்ன செய்ய?"

ஒருவர் சுண்ணாம்பு போடச் சொன்னார். போட்டாகிவிட்டது. ஒருவர் பட்டு வளர்ச்சி ஆபீசுக்குப் போன் போடச் சொன்னார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவதாக வந்தது ஒரு லிங்க். போட்டவர் பெயர் அமீர் பாய். ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு வணக்கம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. 'பட்டுப்புழு வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை' என்று தலைப்பு மட்டும் தெரிந்தது.

என் வீட்டுக்காரி பழனியம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, தொறந்துதான் பாருங்களேன்."

"அதுல என்னா இருக்கப் போவுது? தலைப்பப் பாரு, பள்ளிக்கூடத்துப் பாடமாட்டம்."

"நீங்க பாக்கலைனா குடுங்க, நான் பாக்கறன்."

"வா, போய்த் தழை வெட்டிட்டு வந்துரலாம். புழுவுக்குப் பசிக்கும்."

"அது திங்கவே மாட்டேங்குது. உங்களுக்குத்தான் ஏதோ பசிக்குது போல" என்றாள்.

அவள் சொன்னது சரி. எனக்குக் கோபம் பசித்தது. 'நீயே படித்துத் தெரிந்துகொள், என்னிடம் ஏன் கேட்கிறாய்' என்று அந்த ஆள் எனக்குச் சொல்வதாகவே பட்டது. படிக்காதவனுக்கு இப்படி ஒரு ரோஷம் உண்டு. யார் எதை நீட்டினாலும், தன் படிப்பைக் குத்திக் காட்டுகிறார்கள் என்றே தோன்றும்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். போனில் மட்டும் எங்கிருந்து தைரியம் வந்ததோ! "பாய், லிங்க் படிக்கிற அளவுக்கு அறிவு இருந்தா உங்கள ஏன் கேக்கறேன்? தெரிஞ்சா சொல்லுங்க. இல்லாட்டி சும்மா இருங்க" என்று போட்டுவிட்டேன்.

சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. "சரியான போடு!" என்று ஒருவர். "இனிமே பாய் லிங்க் போடுவாரா?" என்று இன்னொருவர். நான் எழுதிய ஒன்றுக்கு அத்தனை பேர் கை தட்டியது அதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது — கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அமீர் பாய் ஒன்றும் எழுதவில்லை.

தழை வெட்டப் போனோம். கிழக்கோரத்து வரிசைகளில்தான் தழை தளதளவென்று இருந்தது. முந்தின நாளும் அங்கேதான் வெட்டியிருந்தேன். அதையே கிளையோடு கொண்டுவந்து போட்டேன். மறுநாள் பாதிக்கு மேல் புழு சுருண்டு கிடந்தது. அதற்கு மறுநாள் குழி வெட்டி, கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டி மூடினோம்.

மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பழனியம்மா என் போனை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போய்க்கொண்டிருந்தாள்.

"ஏங்க… இதுலயே இருக்குதுங்க."

"எதுல?"

"அந்த பாய் அனுப்புனதுல. கடைசியில."

அவள் வாசித்தாள். புழு தழை தின்னாமல் தலையைத் தூக்கி ஆட்டினால், முதலில் பக்கத்து வயலில் மருந்து அடித்தார்களா என்று விசாரிக்க வேண்டுமாம். காற்றில் வருகிற மருந்து மல்பெரித் தழையில் படிந்துவிடுமாம். அந்தப் பக்கத்துத் தழையை உடனே நிறுத்தி, வேறு தழை போட்டால் மிச்சத்தையாவது காப்பாற்றலாமாம்.

கிழக்கோரத்தை ஒட்டிப் பக்கத்துக்காரர் கத்தரி வைத்திருக்கிறார். அந்த வாரம்தான் மருந்து அடித்தார். அவர் செடிக்கு அவர் அடித்தார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்குப் பிறகும் அந்த ஓரத்திலேயே தழை வெட்டி, என் புழுவுக்கு என் கையால் ஊட்டியவன் நான். பதில் என் சட்டைப் பையிலேயே இருந்தது. திறக்கவில்லை. அவ்வளவுதான்.

பழனியம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. "உள்ள போய்ச் சாப்பிடுங்க" என்றாள்.

அன்றைக்கே தழையை மாற்றினோம்; பிழைத்த புழு கொஞ்சம் கூடு கட்டியது. அதை மூட்டை கட்டிக்கொண்டு மார்க்கெட் போன அன்றைக்குத்தான் அவர் வந்தார். வெள்ளைத் தாடி, தோளில் துண்டு.

"வணக்கம்ணா. குரூப்புல புழு தலைய தூக்குதுன்னு போட்டது நீங்கதான? வாட்ஸ்அப்புல உங்க மொகத்தப் பாத்திருக்கேன். நான் அமீர்."

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் மூட்டையைப் பார்த்தார். கூட்டின் எடை என்னவென்று மூட்டை தொங்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது அவருக்கு.

"போயிடுச்சுங்களா?"

"போயிடுச்சு பாய். நீங்க அனுப்புனத அன்னைக்கே பாத்திருந்தா…"

"போன வருசம் எனக்கும் அதேதான்ணா ஆச்சு. உங்க போட்டோவப் பாத்ததும் பக்குனு ஆயிடுச்சு. நேர்ல ஓடி வந்திருப்பேன். என் ஷெட்லயும் புழு இருந்துச்சு, எப்படி வர்றது?"

"இதே மாதிரி எனக்கும் ஆச்சு, தழைய மாத்துங்கன்னு ஒரே ஒரு வார்த்த எழுதியிருக்கக் கூடாதா பாய்?"

அவர் அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தமிழ் எழுத வராதுணா. படிப்பேன், எழுத்துக் கூட்டி. வூட்டுல உருது. வாய்ஸ் போட்டா அட்மின் திட்டுவாரு. தெரியாத ஆளுக்குப் போன் போட்டா என்னா நெனைப்பாங்களோன்னு வேற… அதுக்கோசரம் எம்பொண்ண விட்டுத் தேடச் சொல்லி, ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சரியா இருக்குதுன்னு தெரிஞ்சப்புறம்தான் போட்டேன்."

ஒரு கட்டுரையை முழுசாகப் படித்துப் பார்த்துப் போட்ட மனிதர் அந்தக் குரூப்பிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவரைத்தான் நான் சும்மா இருக்கச் சொன்னேன். எழுதப் பயந்து அவர் லிங்க் போட்டார். படிக்கப் பயந்து நான் திறக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கூச்சம்தான். நடுவில் செத்தது புழு.

"மன்னிச்சுக்கங்க பாய். மறுபடியும் குரூப்புல போடுங்க" என்றேன்.

சிரித்தார். "அட, அத விடுங்கணா. நான் தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். போடறதில்ல, அவ்வளவுதான்."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நமக்குத் தழை பற்றாமல் போனால் வெளித்தழை வாங்குகிறோம். அப்போது என்னவெல்லாம் கேட்கிறோம்! யார் தோட்டம்? மருந்து எப்போது அடித்தது? உங்கள் புழுவுக்குப் போட்டுப் பார்த்தீர்களா? வெளிக் கட்டுரையும் அப்படித்தானே? கொண்டுவந்து போடுகிறவர் ஒரு வரி சொல்லிப் போட்டால் என்ன — எங்கே கிடைத்தது, நான் படித்தேனா, இதில் உங்களுக்கு ஆகக்கூடிய இடம் எது என்று? பிழையோடு எழுதினால்தான் என்ன? ஒற்றுப் பிழையால் எந்தப் புழுவும் சாவதில்லை.

சரி, ஒரு வரி இல்லாமல் வந்தால்? வாங்குகிறவனுக்கும் வாய் இருக்கிறதே. "இதில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டிருந்தால் அமீர் பாய் மகளை விட்டாவது எழுதியிருப்பார். நான் கேட்கவில்லை. குத்திக் காட்டினேன்.

போன வாரம் குரூப்பில் பாலக்கோட்டுப் பெண் ஒருவர் போட்டோ போட்டிருந்தார். புழு தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. அமீர் பாய் ஏதாவது போடுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஆன்லைனில் இருக்கிறார் என்று போன் காட்டியது. ஒன்றும் வரவில்லை. பிறகு நானே எழுதினேன், தழையை மாற்றச் சொல்லி. அந்தப் பெண் நன்றி சொன்னார். அந்த நன்றி யாருக்குப் போக வேண்டியது?

அப்போதுதான் உறைத்தது. இருநூறு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டு, மார்க்கெட்டில் டீக்கடை ஓரத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அது கணக்கில் சேருமா?

குரூப்பில் எழுத நான்கு நாட்களாக முயற்சி செய்தேன். எழுதுவது, அழிப்பது, எழுதுவது, அழிப்பது. கடைசியில் இங்கே எழுதிவிட்டேன். இது அச்சில் வந்ததும் போட்டோ எடுத்து குரூப்பில் போடப் போகிறேன். வெறும் போட்டோவாகப் போட மாட்டேன். மேலே ஒரு வரி எழுதிப் போடுவேன்:

"இத நானே எழுதுனேன். பெருசா இருக்குது, கடைசி வரிய மட்டும் படிச்சாப் போதும். அது அமீர் பாய்க்கு."

பாய், அன்றைக்கு அறிவு இல்லாமல் பேசியது நான்தான். மறுபடி போடுங்கள், நான் திறந்து படிக்கிறேன்.

— எழுதி முடித்தது, புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை