நெய்யில்லாப் பொங்கல் சமைத்தவர்

கூடுவாஞ்சேரியில் நாங்கள் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குச் சமைக்க வந்தவர் ஒல்லியானவர். காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார். கரண்டியை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி முகர்வார். அவ்வளவுதான்.

டாக்டர் எனக்கு நெய்யை நிறுத்தியிருந்தார். என் மனைவி நியாயஸ்தி. எனக்கு இல்லாத நெய் ஊருக்கும் இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டாள்.

“நெய் இல்லாம வெண்பொங்கலா? வர்றவங்க என்னைக் கஞ்சன்னு சொல்வாங்களே!” என்றேன்.

“முந்திரிய அரைச்சு ஊத்தி, நல்லெண்ணெய்ல தாளிச்சுடலாம் சார். ஒருத்தனும் கண்டுபுடிக்க மாட்டான். நீ மட்டும் வாயத் தொறக்காதே” என்றார் சமையல்காரர்.

பந்தியில் என் மனைவியின் அண்ணன் மூன்றாம் முறை பொங்கல் கேட்டு வாங்கினார். “மாப்ளே, நெய்யைக் கொட்டிட்டீங்க போல! கையெல்லாம் மணக்குது.”

எத்தனை புத்தகம் படித்து என்ன, அறிவைக் காட்டாமல் இருக்க எனக்குத் தெரியாது. “ஒரு சொட்டு நெய் கிடையாது. எல்லாம் முந்திரி, நல்லெண்ணெய்” என்றேன் பெருமையாக.

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். “அதானே பார்த்தேன், என்னமோ குறையுதேன்னு.” இலையை மூடினார். பக்கத்து இலைகளும் மூடிக்கொண்டன.

சமையல்காரர் மிச்சப் பொங்கலை முகர்ந்தார். “எல்லாம் கரெக்டாத்தான் கீது சார். நெய்க்குப் பதிலு போட்டுட்டேன். உன் வாய்க்குப் பதிலா இன்னா போடறதுன்னுதான் தெரியல.”

இப்போதும் வீட்டில் அதே பொங்கல்தான். சாப்பிடும்முன் கரண்டியை முகர்ந்து பார்க்கிறேன். நெய் மணக்கத்தான் செய்கிறது, நான் வாயைத் திறக்காதவரை.