மாமனாரும் தாம்பரத்துக் காற்றும்

என் மாமனாருக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான்: தாம்பரத்துக் காற்று. இளவயதில் காசநோய் வந்து, அங்கிருக்கும் காசநோய் ஆஸ்பத்திரியான தாம்பரம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தவர் அவர். ஊசியும் மாத்திரையும் நிறையவே கொடுத்திருப்பார்கள். ஆனால் எழுந்து நடமாடிய பெருமை முழுவதையும் அவர் காற்றுக்கே கொடுத்துவிட்டார். ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போயிருந்தது. “பாதி எஞ்சின்ல ஓடற வண்டிம்மா இது. காத்து நல்லா இருந்ததால ஓடுது” என்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “ஜன்னலைத் தொறந்து வையி, காத்து வரட்டும்” என்பார்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நாங்கள் அப்போது சைதாப்பேட்டையில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போனது. ஏன் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. மாமனாரால் முடிந்தது. “இந்தச் சாக்கடை நாத்தத்துல பூச்செடியே நிக்காது” என்று சொல்லிவிட்டு, ஒரே மாதத்தில் தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூரில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார். புது அடுக்குமாடி, இரண்டாவது மாடி, ஹாலில் பெரிய ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோடு. அங்கே போன சில மாதங்களில் நான் மறுபடி முழுகாமல் இருந்தேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போவதுதான் முறை. என் அம்மா பெட்டியோடு வந்து நின்றாள். மாமனார் கையெடுத்துக் கும்பிட்டு, “சம்பந்தி அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீடு மாம்பலம் மார்க்கெட்டுக்குள்ள இருக்கு. இங்க மாதிரிக் காத்து வராது. பொண்ணு இங்கயே இருக்கட்டும்” என்றார். அம்மா முகம் சுருங்கிவிட்டது. அம்மாவோடு போய் அவள் கையால் ரசம் சாதம் சாப்பிட எனக்கும் ஆசைதான். ஆனால் ஒன்றைத் தொலைத்தவள் நான். இந்தக் குழந்தை தங்கினால் போதும், யார் எதைச் சொன்னாலும் செய்யலாம் என்று இருந்தேன்.

அவர் சொன்னது நடை. நடந்தால் சுகப்பிரசவம் என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். தினமும் மாலை ஐந்தரைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக, தெற்கே போகும் பஸ்கள் நிற்கும் இடம் வரைக்கும் போய்த் திரும்புவார். “இழுத்து மூச்சு விடும்மா” என்பார். நானும் இழுத்து விடுவேன். லாரிகளும் வெளியூர் பஸ்களும் எங்கள் முகத்துக்கு நேராகப் புகையைக் கக்கிக்கொண்டு போகும். அது புகை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தாம்பரத்தைத் தாண்டிவிட்டால் எல்லாம் நல்ல காற்று என்ற நினைப்பு. இப்போது யோசித்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் அலைமோதிய மாலை அது. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு நின்றன. பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் விசில் அடித்தது. ஒரு டீக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் போகி. டயர் எரிந்த புகையில் எதிர் வீடே தெரியவில்லை. அன்றும் அவர் பழக்கதோஷத்தில் ஜன்னலைத் திறந்தார். நான் இருமின இருமலில் வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது.

பொங்கல் கழிந்ததும் மேற்குத் தாம்பரத்தில் எனக்குப் பார்க்கும் லேடி டாக்டரிடம் போனோம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “குழந்தை வளர்ச்சி கொஞ்சம் கம்மியா இருக்கு” என்றார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டவர், எங்கே வீடு, எங்கே நடை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பதில் சொன்னதெல்லாம் மாமனார்தான், பெருமையாக. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஐயா, இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அந்த ரோட்டுப் புகை இவங்களுக்கும் நல்லதில்ல, குழந்தைக்கும் நல்லதில்ல. ரோட்டுப் பக்கத்து ஜன்னலை மூடி வைங்க. நடக்கணும்னா காலையில, உள்தெருவுல நடக்கட்டும். குப்பை எரிக்கிற பக்கம் போகவே வேணாம்.”

மறுநாளிலிருந்து என்னோடு நடக்க வருவதை மாமனார் நிறுத்திவிட்டார். விடியும்போதே மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். டாக்டர் என் எதிரில் சொன்னது அவருக்குக் கௌரவக் குறைச்சல் ஆகிவிட்டது, கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். எனக்கும் கோபம் இருந்தது. குழந்தை இளைத்ததே இவரால்தானே என்று ஒருநாள் கணவரிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஹாலில் இருந்த மாமனார் காதில் விழுந்ததா என்று தெரியாது.

போதாக்குறைக்குத் தண்ணீர்ப் பிரச்சினை வேறு. வீட்டு போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். லாரித் தண்ணீரைத்தான் குடங்களில் பிடித்து வைத்திருப்போம். தினமும் காலையில் ஒரு குடம் காலியாக இருந்தது. எதிர் ஃபிளாட் அம்மாள்தான் எடுக்கிறாள் என்று முடிவுகட்டி, படிக்கட்டில் நின்று அவளோடு ஒரு பாட்டம் சண்டையும் போட்டேன்.

நான் ஆறரை மணிக்கு முடிச்சூர் போகும் உள்தெருவில் நடப்பேன். வயல்களுக்கு நடுவில் பிளாட் போட்ட வெள்ளைக் கற்கள் முளைத்திருந்த காலம். பனியில் கொக்குகள் நிற்கும். அந்தக் காலை நேரங்களை இன்றைக்கும் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்வேன். தெருமுனைகளில் முந்தின நாள் கொளுத்திய குப்பை மேடுகள் இருக்கும். ஆனால் ஒன்றிலும் புகை இருக்காது. சாம்பல் சொதசொதவென்று ஈரமாகக் கிடக்கும். பனி நனைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போவேன்.

ஒருநாள் அந்தத் தெருவைப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு என்னை மறித்தார்.

“யம்மா, குல்லா போட்டுகினு வருதே ஒரு பெர்சு, அது உங்க வூட்டு ஆளா?”

“என் மாமனார். ஏன்க்கா?”

“டெய்லி கொடத்த தூக்கிகினு வந்து, எரியுற குப்பை மேலல்லாம் தண்ணி ஊத்துது. ஈரக் குப்பைய நான் எப்டிமா வார்றது? ஒரே பேஜாரா கீது. பொகையில நின்னுகினு லொக்கு லொக்குன்னு இருமுது வேற. இன்னாத்துக்கு பெர்சு இதெல்லாம்னு கேட்டா, ‘என் பேரப்புள்ள ஆறரை மணிக்கு இந்த வழியா வரும்’ன்னுது.”

நடுத்தெருவில் நின்று அழுதேன். அந்த அக்கா பயந்துபோய், “வுடும்மா, ஊத்தட்டும், நான் வாரிக்கிறேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து, “உங்க நெஞ்சு என்னத்துக்கு ஆகும் மாமா?” என்று கத்தினேன். அவர் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, “எனக்குப் பாதிதானே இருக்கு. அதுக்கு முழுசு வேணாமா?” என்றார். எவ்வளவு சொல்லியும் நிறுத்தவில்லை. எதிர் ஃபிளாட் அம்மாளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அடுத்த நாளிலிருந்து அவருக்கென்று ஒரு குடத்தைப் படிக்கட்டில் வைத்தாள்.

பெண் குழந்தை. இரண்டரைக் கிலோவுக்கு ஒரு பிடி கூட. டாக்டர் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அம்மா குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள். கணவர் கொஞ்சினார். மாமனார் மட்டும் வாசலோடு நின்றுவிட்டார். “இருமல் இருக்கும்மா. அப்புறம் தூக்கறேன்” என்றார். அந்த ஆஸ்பத்திரி அறையின் ஜன்னலும் ரோட்டைப் பார்த்ததுதான். கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் மூக்கையும் வாயையும் துண்டால் பொத்திக்கொண்டு, எங்களைச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்தினார். கொக்கியைப் போட்டு, சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தார்.

வாழ்நாளெல்லாம் ஜன்னலைத் திறக்கச் சொன்ன மனிதர். எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் குழந்தை பசிக்கு வீறிட்டாள். அவர் வெளியே போய்விட்டார். அப்புறம் நான் அதைச் செய்யவே இல்லை.