நித்தியகல்யாணிக் கஷாயத்தைப் பெருமாள் காட்டிக்கொடுத்தார்

‘பத்மாவுக்கு ரத்தத்தில் வெள்ளணு மறுபடியும் குறைவு. மருந்து ஏற்றவில்லை.’ ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் என் நாட்குறிப்பில் உள்ள வரிகள் இவை.

பத்மா என் மனைவி. நிணநீர்க் கணுவில் புற்றுநோய்க் கட்டி. முதலில் ஏற்றிய மருந்தில் கட்டி சுருங்கியது. பிறகு இரண்டு முறை சென்னை ஆஸ்பத்திரி வரை போய், வெள்ளணு குறைந்ததால் ஏற்ற முடியாமல் திரும்பினோம். “வேற ஏதாவது சாப்பிடறாங்களா?” என்று டாக்டர் கேட்டார். “சத்தியமா இல்ல” என்றேன். பத்மா தரையைப் பார்த்தாள்.

மறுநாள் விடியலில் மணவாள நகரிலிருந்து நடந்தே திருவள்ளூர் கோயிலுக்குப் போனேன். வீரராகவப் பெருமாள் பிணி தீர்க்கும் வைத்தியர் என்று பேர் பெற்றவர். நோயும் கரையட்டும் என்று அவர் குளத்தில் வெல்லம் கரைப்பது எங்கள் வழக்கம். அன்று பக்தியோடு கரைக்கவில்லை, கோபத்தோடு கரைத்தேன். ‘வைத்தியர்னு பேரு மட்டும் எதுக்கு? எங்க தப்புன்னு காட்டு. இல்லன்னா இந்தப் படியில இனிமே கால் வைக்க மாட்டேன்.’

வெல்லம் முழுதாகக் கரைவதற்குள் பக்கத்தில் பார்த்தேன். நான்கு படி தள்ளி என் மச்சினன் சேகர், அவனும் அக்காவுக்காக வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தான். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. எனக்கு என்றைக்குமே ஆகாதவன். அவன் பையில் ஒரு பாட்டில், உள்ளே கரும்பச்சைத் தண்ணீர்.

“இன்னாடா அது?”

“நித்தியகல்யாணி கஷாயம் மாமா. பெருமாள் கிட்ட வச்சி எடுத்துக்கினு போய் அக்காவுக்குத் தருவேன். ரெண்டு மாசமா குடிக்குது.”

“கொலகாரா! யாரக் கேட்டுக் குடுத்த?”

“இன்னாத்துக்குக் கத்துற? நீதானே என் ஊட்டாண்ட வந்து லெக்சர் அடிச்ச? ஊசி மருந்துல ஒண்ணு இந்தச் செடிலருந்துதான் எடுக்கறாங்க, புத்து செல்ல வளரவுடாம நிறுத்துதுன்னு! காட்டுப்பள்ளி மணல்ல சும்மா பூத்துக் கெடக்குது. பறிச்சேன்.”

அவன் சட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்தேன். சொன்னவன் நான்தான். படித்ததைக் காட்டிக்கொள்ளச் சொன்னேன். பிரித்தெடுத்து, அளந்து, ரத்தத்தைச் சோதித்து ஏற்றும் மருந்து வேறு, வீட்டில் கொதிக்கவைத்த இலை வேறு என்பதைச் சொல்லவில்லை. வெள்ளணு உருவாவதையும் அது தடுக்கக்கூடும் என்பதையும் சொல்லவில்லை.

வீட்டில் பத்மாவிடம் பாய்ந்தேன். “ஏன் மறைச்ச?”

“அவனக் கண்டாலே உங்களுக்கு ஆகாது. சொல்லியிருந்தா ஊட்டுக்குள்ளயே வுட்டிருக்க மாட்டீங்க.”

சேகருக்குப் போன் செய்து பாட்டிலோடு வரச் சொன்னேன்.

அன்றே பாட்டிலோடு மூவரும் டாக்டரிடம் போனோம். அவர் திட்டித் தீர்த்தார். கஷாயம் நின்றது. பதினேழாம் நாள் வெள்ளணு ஏறியது, சிகிச்சை தொடர்ந்தது. தை மாத ஸ்கேனில் கட்டி இல்லை. சேகரும் நானும் இன்றும் சண்டை போடுகிறோம், ஆனால் பத்மாவின் முன்னாலேயே போடுகிறோம்.

அடியார்களே, கோபத்தோடாவது அவரைக் கேளுங்கள். கேட்டால் காட்டுகிறார். அவர் காட்டியதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

வெள்ளணு குறைந்தது அந்தக் கஷாயத்தாலா, ஊசி மருந்தாலா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. பாட்டிலை யாரும் சோதிக்கவில்லை.