நான்காவது பத்தி

எண்பதுகளின் தொடக்கத்தில், என் இருபத்திரண்டாவது வயதில், டெல்லியில் கல்வித் துறை அலுவலகம் ஒன்றில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். எம்.ஏ. முடித்துவிட்டு, கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலம். டைப் அடிப்பதில் எனக்கு வேகம் அதிகம். மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பிரதியெடுக்கும் ஸ்டென்சில் ஒன்றை முடித்துவிடுவேன். அந்த வேகத்தில் விரல்கள்தான் படிக்கும். நான் படிக்க மாட்டேன்.

எங்கள் பிரிவு, அரசுப் பள்ளிகளில் இருந்த தனி வகுப்புகளைப் பார்த்துக்கொண்டது. மற்றக் குழந்தைகளின் வேகத்துக்கு வர முடியாத பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓர் அறை, ஒரு டீச்சர். லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்த அம்மாளின் மகளும் அதில் ஒருத்தி. ஒன்பது வயது. ஒரு கேள்வி கேட்டால் அது அவளுக்குள் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். அந்த அறையில் இரண்டு வருஷத்தில் பித்தான் போடவும், தன் பேரை எழுதவும், ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லவும் கற்றுக்கொண்டிருந்தாள். சேர்த்துவிட்டது நான்தான். அதனால் அவள் அம்மா என்னை 'டீச்சரம்மா' என்பாள். டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஒரு ஜூலையில் புதிய சுற்றறிக்கை வந்தது. தனி வகுப்பில் இருக்கும் எல்லாக் குழந்தைகளையும் மறுபடி சோதிக்க வேண்டுமாம். காலையில் வந்ததை மத்தியானத்துக்குள் அடித்து முடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன்.

சோதிக்க வந்த மேடத்துக்கு இந்திதான். இந்தப் பெண்ணுக்கோ வீட்டுத் தமிழைத் தவிர எதுவும் சரியாக ஓடாது. "நான் மொழிபெயர்க்கிறேன்" என்று முந்திக்கொண்டேன். அரைநாள் லீவும் போட்டேன்.

"பேந்தப் பேந்த முழிக்காத கண்ணு. டீச்சரம்மா கேக்கறதுக்கு டக்கு டக்குன்னு சொல்லு" என்று வாசலிலேயே அவள் அம்மா முகத்தைத் துடைத்துவிட்டாள்.

முதல் கேள்வி, மழை வந்தால் என்ன செய்வாய். தமிழில் கேட்டேன். அவள் மேஜையைப் பார்த்தாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மார்க் மார்க் என்றே வளர்த்த வீடு எங்களுடையது. பதில் தெரிந்த கேள்வி சும்மா நிற்பதை என்னால் தாங்க முடியாது.

"மழை வந்தா உங்கம்மா கூரைமேல என்னடி இழுத்துப் போடுவாங்க? பெருசா, கறுப்பா..."

"தார்ப்பாய்."

"நனையாமல் இருக்க மேலே மூடிக்கொள்வாளாம்" என்று இந்தியில் சொன்னேன்.

"அச்சா" என்று மேடம் டிக் போட்டார்.

அப்புறம் எல்லாம் அப்படியே போனது. கட்டைகளை அடுக்கச் சொன்னபோது, நான் எதைப் பார்த்தேனோ அதை எடுத்தாள். அதில் கெட்டிக்காரிதான்.

"பாஸா டீச்சரம்மா?" என்று வெளியே வந்ததும் அவள் அம்மா கேட்டாள்.

"பாஸ்தான்."

சாயங்காலத்துக்குள் வேலை செய்யும் வீடெல்லாம் சொல்லிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு டைப்புக்கு வந்தது. சாதாரண வகுப்புக்கு மாற்றப்படுவோர் பட்டியலில் அவள் பேர். பட்டியலை எடுத்துக்கொண்டு செக்ஷன் ஆபீசரிடம் போனேன். ரிட்டயர் ஆகப்போகிற தமிழர்.

"சார், இவ நல்ல மார்க் வாங்கியிருக்கா. ஏன் எடுத்துட்டாங்க?"

"நல்ல மார்க், அதனாலதான். இவ்வளவுக்கு மேல வாங்கினா தனி வகுப்பு கிடையாதுன்னு சுற்றறிக்கையில நாலாவது பத்தியில இருக்கே. அடிச்சது நீதானேம்மா?"

ஃபைலை எடுத்துப் பார்த்தேன். என் ஸ்டென்சில்தான். ஒரு பிழை இல்லை.

பதில்கள் என்னுடையவை, அவளுடையவை அல்ல, மறுபடி சோதிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் படித்தார்.

"இது மேலே போனா, அன்னிக்கு உக்காந்த அத்தனை குழந்தைக்கும் கேள்வி வரும். உன் டெம்பரரி வேலை அதோட சரி. அனுப்பட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றேன்.

அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. குறிப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மிச்சப் பட்டியலை அடித்து முடித்தேன். வழக்கமான வேகம்தான்.

சாதாரண வகுப்பில் அறுபது பேர். தீபாவளிக்குள் அவள் போவதை நிறுத்திவிட்டாள். "பாஸ் பண்ணிடுச்சு டீச்சரம்மா, போகத்தான் மாட்டேங்குது. எல்லாம் கொழுப்பு" என்று அவள் அம்மா சிரித்தாள்.  பதில்கள் யாருடையவை என்று அவளிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

அம்மா வேலை முடிக்கும்வரை அவள் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். ஸ்வெட்டரில் பித்தான்கள் துளை மாறிப் போட்டிருக்கும். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் எழுந்து நிற்பாள். நான் எதுவும் கேட்க மாட்டேன். ஆனாலும் அவள் யோசிப்பாள். ஒரு காலைப் படியில் வைத்தபடி நான் காத்திருப்பேன்.

"தார்ப்பாய்" என்பாள்.

"அச்சா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போவேன்.