கை தட்டும் வரை கண் திறக்கக் கூடாது

தேவனூர் நாட்டு மலைக்கிராமங்களில் காட்டுப்பன்றி விரட்டுவதில் அண்ணாமலையை மிஞ்ச ஆள் இல்லை. மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் நின்று, பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு கல்லைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, தோளில் சாய்த்து வெடி போடுவார். பதினைந்து வருடம் போட்டார். பன்றிகள் சௌக்கியமாக இருக்கின்றன. போனது அவர் காதுகள்தான். முதலில் வலது, பிறகு இடது. இது அப்போது மனைவி அத்தாயிக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே சொன்னால் பிழைப்பு போய்விடும். பன்றிகள் கிழங்குக் காட்டைத் துப்புரவாக அழித்த வருடம்தான், ஒரு விடுதிக்காரர் அவருக்கு வேலை கொடுத்தார். ஞாயிறுதோறும் ஆட்களை ஓடைக்கு அழைத்துப் போய்க் காட்டின் சத்தங்களைக் கேட்க வைக்க வேண்டும். கேட்டுப் பழகினால் காட்டின்மேல் பிரியம் வரும் என்பது விடுதிக்காரரின் எண்ணம். வரத்தான் செய்தது. சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார் நான். மூன்று மாதம் இந்த மலையைத் திட்டித் தீர்த்தவன், அந்த ஓடைக்கரையில்தான் அடங்கினேன்.

விதி ஒன்றுதான். பாறையில் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். அவர் கை தட்டும் வரை திறக்கக் கூடாது, பேசக் கூடாது. அவர் கரையோரத்து உயரமான பாறையில் ஏறி, ஓடைக்கு முதுகு காட்டி, எங்கள் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். "இப்பக் குக்குறுவான் குருவி கூப்பிடும், கேளுங்க சாமி" என்பார். கூப்பிடும். எந்த நேரத்துக்கு எது கத்தும் என்பது அவருக்கு மனப்பாடம். தப்பிப்போனால் எங்கள் புருவம் சுருங்கும், பேச்சை மாற்றிவிடுவார். மற்ற நேரத்தில் யாராவது பேசினால் வாயசைவைப் பார்த்தே பதில் சொல்வார். கேட்கக் கற்றுக்கொள்ளப் போன எங்களில் ஒருவரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் லட்சணம் அது.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு, எட்டுப் பேர் போனோம். எங்களுக்கு மேலே வானம் வெளுத்துத்தான் கிடந்தது. உச்சியில் மழை கொட்டியது தெரியாது. கண் மூடிப் பத்து நிமிடம் இருக்கும், ஓடையின் சத்தம் கனத்தது. சலசலப்பு போய் உறுமலாயிற்று. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஓடை நமக்காகவே பாடுகிறது என்று பூரித்துப் போனேன். எட்டு முகத்திலும் சிரிப்பு இருந்ததாம். அதைப் பார்த்து அண்ணாமலைக்கும் சந்தோஷமாம்.

முன்பாறையில் இருந்த நர்ஸ் கிருஷ்ணகுமாரி, காலில் தண்ணீர் ஏறவும் அலறினார். கண்ணைத் திறந்தேன். அண்ணாமலை உதட்டில் விரல் வைத்து, பேசக் கூடாது என்று அவரை அடக்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் செம்மண் தண்ணீர் புரண்டு வந்துகொண்டிருந்தது.

கையை நீட்டிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அவர் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. ஒவ்வொருவராக இழுத்து மேட்டில் ஏற்றினார். செருப்புகளும் ஒரு பையும் போயின. எட்டு உயிரும் மிஞ்சின.

"நீங்க இல்லீனா செத்திருப்பமுங்க" என்று கிருஷ்ணகுமாரி அழுதுகொண்டே கும்பிட்டார். அண்ணாமலை அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கும்பிடாதீங்க சாமி. ரெண்டு வருசமா எனக்குக் காது கேக்காதுங்க. உங்க மொகத்தைப் பார்த்துத்தான் ஓட்டிட்டிருந்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"தண்ணி அத்தனை சத்தம் போட்டிருக்குது. உங்களுக்கெல்லாம் நல்லாக் கேட்டிருக்கும். அப்புறம் ஏனுங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க?"