நான்காம் பாதையின் பழைய ஆணி

சுண்ணாம்பு என்றால் அந்த விளையாட்டரங்கத்தில் தெரியாதவர் கிடையாது. முப்பத்தோரு வருடமாக மண் ஓடுபாதையில் வெள்ளைக் கோடு போடுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

அரங்கம் என்று பெயர்தானே ஒழிய, அது ஊருக்கே பொதுக் கொல்லைப்புறம். முதலில் குதிரைப் பந்தயம் நடந்த வெட்டவெளி. பிறகு சிமெண்ட் படிகள் வந்தன, கால்பந்து வந்தது. வெள்ளம் வந்த வருடம் நாலாயிரம் பேர் அந்தப் படிகளில்தான் படுத்துக் கிடந்தார்கள். அப்புறம் வாக்கு எண்ணிக்கை, போலீஸ் தேர்வு, பாட்டுக் கச்சேரி. எது நடந்தாலும் லாரிகள் வந்து பாதையை மிதித்துவிட்டுப் போகும். மறுநாள் காலை சுண்ணாம்பு குனிய வேண்டும். அவருடைய இடுப்பு எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டது, அவர்தான் ஏற்றுக்கொள்ளவில்லை.

கோடு எங்கே விழ வேண்டும் என்று காட்ட மண்ணுக்குள் ஆணிகள் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் பாதையைத் திருத்தி அளந்து புது ஆணிகள் அடித்தார்கள். பழையதையெல்லாம் பிடுங்கிய சுண்ணாம்பு, நான்காம் பாதையில் துருப்பிடித்து இறுகிக் கிடந்த ஒன்றை மட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். புது ஆணிக்கு மூன்றடி முன்னால் இருந்தது அது. அந்த நாளை வரவே இல்லை.

அன்று நானூறு மீட்டர் தேர்வு ஓட்டம். முதலில் வருகிறவளுக்குத்தான் தேசிய அணியில் இடம். சுண்ணாம்பின் மகளுக்கு இது நான்காவது முயற்சி. இதற்கு மேல் வயதும் இடம் கொடுக்காது. முந்தின நாள் கச்சேரி நடந்திருந்தது. விடியற்காலையில் பாதிக் கண் மூடியபடிதான் அவர் கோடுகளைப் போட்டு முடித்தார்.

நான்காம் பாதையில் ஓடிய மகள் ஓரடி வித்தியாசத்தில் ஜெயித்தாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, ஓட்டக்காரர்கள் கால் ஊன்றிக் கிளம்பும் கட்டைகளை எடுத்து வைக்கத் தொடக்கக் கோட்டுக்குப் போனார். நான்காம் பாதைக் கோட்டில் ஏதோ உறுத்தியது. காலால் மண்ணைக் கீறினார். துருப்பிடித்த தலை தெரிந்தது.

மகள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"உன் கோடு மூணடி முன்னால விழுந்திருக்கும்மா. பழைய ஆணியைப் பார்த்துப் போட்டுட்டேன்."

அவள் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள்.

"வேற யாருக்காவது தெரியுமாப்பா?"

"இல்ல."

"இன்னொரு தடவை ஓட எனக்குத் தெம்பு இல்ல." சொல்லிக்கொண்டே அவிழ்த்த ஷூ கயிற்றை மறுபடி கட்டினாள். "போய்ச் சொல்லுங்க."

நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா இப்படி?"

"நான்தான் சார்."

சாயங்காலம் மறுபடி ஓட்டம் வைத்தார்கள். கோட்டை அவரேதான் போட்டார். மகள் ஓரடி வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு வந்து நின்றாள். "அந்த ஆணி எங்க?"

காட்டினார். "நாளைக்குப் பிடுங்கிடறேன்மா" என்று பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது.

அவள் மண்டியிட்டு, கையாலேயே சுற்றிலும் தோண்டி, இரண்டு பக்கமும் அசைத்து இழுத்தாள். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. அது அவ்வளவு சுலபமாக வந்ததைத்தான் சுண்ணாம்பால் தாங்க முடியவில்லை.