கட்டாரில் தெரிந்த கருவாடு

கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரைக்கும் ஸ்டூடியோக்காரர்கள் எடுக்கிற கலியாண வீடியோக்களில் பாதி, பள்ளிவாசல்துறையில் ஃபாஹிமாவின் மேசைக்கு வந்துதான் ஆளாகும். அவள் கரைத்தீவில் பிறந்தவள். புத்தளம் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து, பழைய போட்டோக்களில் ஆட்களுடைய முகத்துப் பருவை அழிக்கப் பழகி, பிறகு வீடியோ வெட்டி ஒட்டப் பழகினாள். அன்ஸாரைக் கலியாணம் முடித்து வந்தபோது கொம்பியூட்டரையும் கூடவே கொண்டுவந்துவிட்டாள்.

ஊரில் நடக்கிற கலியாணங்களுக்கு அவள் போவது குறைவு. போகத் தேவையுமில்லை. பொண்ணு அழுவதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மாமியார் முகம் சுளிக்கிற இடத்தை வெட்டி எறிவாள். எத்தனையோ சம்பந்திமார் இன்றைக்கும் ஒருவரோடொருவர் கதைபேச்சோடு இருப்பதற்கு அவள் வெட்டி எறிந்த துண்டுகள்தான் காரணம். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வீடியோவை அனுப்புவதுதான் அவளுக்குப் பெரிய தலையிடி. இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த இடத்தில் ஏற்ற வெளிக்கிட்டால் பாதி வழியில் கரண்ட் போகும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை குவைத்துக்குப் போகிற ஒருவரிடம் பென்ட்ரைவைக் கொடுத்துவிட்டாள். அன்ஸார் அதைத் தன்னுடைய கருவாட்டுப் பார்சலுக்குள்ளேயே வைத்துக் கட்டியிருந்தான். வீடியோ நல்லாயிருக்கு, ஆனால் லெப்டொப் மணக்குது என்று அங்கிருந்து செய்தி வந்தது.

அன்ஸார் களப்பில் மீன் பிடிக்கிறவன். கூடுதலாகப் பட்டதைப் பின்வளவில் உப்பிட்டுக் காயவைத்து விற்பான். பூனையும் காகமும் பெருகிப்போனதால், யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த கமரா ஒன்றை வாங்கித் தென்னைமரத்தில் பூட்டியிருந்தான். களப்புக்குப் போன இடத்திலும் போனில் கருவாட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவனுடைய கணக்கு.

இப்படியிருக்க, கரைத்தீவில் ஒரு கலியாணம் நடந்தது. பொண்ணுடைய மாமி சாரா உம்மா கட்டாரில் மகன் இனாஸோடு இருக்கிறார். முழங்காலில் ஒப்பரேஷன் செய்ததால் தம்பி மகளுடைய கலியாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. வீடியோ எங்கே, வீடியோ எங்கே என்று இனாஸ் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கத் தொடங்கினான்.

ஃபாஹிமா இன்டர்நெட்டில் தேடிப் படித்து ஒரு முடிவுக்கு வந்தாள். வீடியோவை எங்கேயும் ஏற்றத் தேவையில்லை. அது அவளுடைய கொம்பியூட்டரிலேயே இருக்கட்டும். வேண்டியவர்கள் அங்கிருந்தே வந்து எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு றவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட வேண்டும்.

"போர்ட்டா? போர்ட் கொழும்பிலயெல்லா இரிக்கு" என்றான் அன்ஸார்.

"அது கப்பல் வார போர்ட். இது வேற. நம்மட வீட்டுக்கு வெளியில நிறையக் கதவு இரிக்கிண்டு நினைச்சிக்கொள்ளுங்க. ஒவ்வொண்டுக்கும் ஒரு நம்பர். எல்லாத்தையும் றவுட்டர் பூட்டி வெச்சிரிக்கி. நான் ஒரு நம்பரச் சொல்லிவெச்சா, அந்தக் கதவத் தட்டுற ஆள அது நேரா என்ட கொம்பியூட்டர்ட்டக் கூட்டிக்கொண்டு வரும்."

"ஆர் எவரெண்டு கேக்காதா?"

"றவுட்டர் கேக்காது. கொம்பியூட்டர் பாஸ்வேட் கேக்கும்."

அன்ஸார் கொஞ்சம் யோசித்தான். "அப்ப றவுட்டர் வாசல்ல நிக்கிற வோச்சர் மாதிரி. கேள்வி கேக்காத வோச்சர்."

"ஓம், அப்பிடித்தான்."

முதலில் இன்டர்நெட் கொம்பனிக்குப் போன் எடுத்தாள். வெளியிலிருந்து வருகிறவர்கள் வீட்டைக் கண்டுபிடிக்கத் தனி விலாசம் வேண்டும், அதை அவர்கள்தான் தர வேண்டும். போனை எடுத்த பொடியன் சிங்களத்தில் கதைத்தான். அவளும் சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, றவுட்டரை நிறுத்திப் போட்டுப் பாருங்கள் அக்கா என்றான். போட்டாள். திரும்ப எடுத்தாள். வேறொருவர் நிறுத்திப் போடச் சொன்னார். கடைசியில் வந்த பெண்பிள்ளைக்கு விசயம் விளங்கியது. அன்று அஸர் தொழுகைக்கு முன்னாலேயே விலாசம் கிடைத்துவிட்டது.

அலுமாரிக்கு மேலே பூப்போட்ட துணியால் மூடியிருந்த றவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேட்டைப் பார்த்து, அதன் பக்கத்துக்குள் போனாள். எந்த நம்பர் கதவு, எந்தக் கொம்பியூட்டர் என்று நிரப்பிச் சேமித்தாள். தன் போனில் வைஃபையை நிறுத்திவிட்டு, ஊரான் வீட்டு ஆள் மாதிரி வெளியிலிருந்து வந்து தட்டிப் பார்த்தாள். பாஸ்வேட் கேட்டது. போட்டதும், கலியாண வீடியோ வரிசையாக வந்து நின்றது. ஃபாஹிமா தனக்குத்தானே ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தாள். லிங்கையும் பாஸ்வேட்டையும் இனாஸுக்கு அனுப்பிவைத்தாள். நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லாரும் சேர்ந்து பார்க்கப்போகிறோம் என்று அவனும் பதில் போட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் போனது. பகல் சாப்பாட்டு நேரம்தான் வந்தது. ஃபாஹிமா கொம்பியூட்டரைத் திரும்பப் போட்டுவிட்டுக் கறிச்சட்டி கழுவப் போனாள்.

அவள் கை ஈரம் துடைக்கும்போது இனாஸ் போன் எடுத்தான். அக்காவை இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் கூப்பிடுகிற மாதிரி, அவளைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"தாத்தா, வீடியோ நல்ல தெளிவா இரிக்கு. அந்தப் பாஸ்வேட்டக்கூடக் கேக்கல்ல. ஆனா பொண்ணு எப்ப வருவா?"

"முதல்ல ஒரு பாட்டுப் போகும் தம்பி. அது முடிஞ்சதும் வருவா."

"பாட்டு ஒண்டும் இல்லயே. காத்துச் சத்தந்தான் கேக்குது. உம்மா சொன்னாங்க, இப்பத்தக் கலியாண வீடியோவில முதல்ல ஊரக் காட்டுவாங்க, பொறுமையா இரிக்கச் சொல்லி. நாங்களும் கனநேரமா இரிக்கிறம்."

"என்ன தெரியுது?"

"தென்னமரம். கருவாடு. ஒரு ஆள் அதப் புரட்டிக்கொண்டு நிக்கிறார். அவர் மாப்பிள்ள வீட்டுச் சொந்தமா?"

ஃபாஹிமா குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். அன்ஸார் பெனியனும் சாரனுமாகக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தான்.

"இப்ப குனியுறார் தாத்தா" என்றான் இனாஸ்.

அன்ஸார் குனிந்தான்.

"சொறியுறார்."

ஃபாஹிமா ஜன்னலை விட்டு விலகிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கரண்ட் வந்ததும் றவுட்டர் வீட்டிலிருக்கிற கருவிகளுக்கெல்லாம் புதிதாக உள்விலாசம் பங்கிட்டிருக்கிறது. கொம்பியூட்டர் சோம்பல் முறித்து எழும்புவதற்குள் கமரா முந்திக்கொண்டு கொம்பியூட்டருடைய பழைய விலாசத்தை வாங்கிவிட்டது. கேள்வி கேட்காத வோச்சர், வந்தவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஒவ்வொரு தரமும் அடிக்கக் கஷ்டமென்று கமராவின் பாஸ்வேட்டை அன்ஸார் எடுத்துவிட்டிருந்ததும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"தம்பி, அது பிழையா வந்திட்டு. அது எங்கட வளவு, நிக்கிறது என்ட மாப்பிள்ள. கொஞ்சம் பொறுங்க, மூடிட்டு வேற அனுப்புறன்."

அதற்குள் போன் கை மாறியது. சாரா உம்மாவின் குரல் கேட்டது. "மூடிராத புள்ள. இடப்பக்கம் அந்த நீலப் பீப்பாய்க்குப் பின்னால ஒரு பூன பதுங்கிக்கொண்டு இரிக்கி. உன்ட மாப்பிள்ளட்டச் சொல்லு."

ஃபாஹிமா ஜன்னலால் சொன்னாள். அன்ஸார் பீப்பாய்க்குப் பின்னால் ஒரு தென்னைமட்டையை வீச, பூனை வேலியால் பாய்ந்தது.

"உள்ளுக்கு இரிந்துகொண்டு உனக்கெப்பிடித் தெரியும்?" என்றான்.

"கட்டார்ல இரிந்து பாத்துச் சொன்னாங்க."

அன்ஸார் கமராவை அண்ணாந்து பார்த்தான். சாரனை இறுக்கிக் கட்டினான். என்ன செய்வதென்று தெரியாமல் கமராவுக்கு ஸலாம் சொன்னான். போனுக்குள் ஒரு ஹோல் நிறைய ஆட்கள் ஒன்றாகப் பதில் ஸலாம் சொன்னார்கள்.

சாரா உம்மா குரலைத் தாழ்த்தினார். "புள்ள, கொஞ்சம் முந்தி உன்ட மாப்பிள்ள போன்ல ஆரோடயோ கதைச்சார். எங்கட தம்பிட மகள்ட கலியாணத்துல சஹன்ல இறைச்சியத் தேட வேண்டி இரிந்திச்சாம். மெய்யா?"

அந்தக் கலியாணத்தில் பலர் சுற்றியிருந்து சாப்பிட்ட ஒவ்வொரு சஹன் தட்டையும் ஃபாஹிமா பெரிதாக்கிப் பார்த்தவள். சோற்றுக்குள் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தவர்களை வெட்டி எறிந்தவளும் அவள்தான்.

"சோறு நல்ல நிறைய இரிந்திச்சு மாமி" என்றாள்.

சாரா உம்மா சிரித்த சிரிப்பில் போன் கிரீச்சிட்டது. "எனக்குத் தெரியும். என்ட தம்பி சின்னதுல இரிந்தே அப்பிடித்தான்."

அன்றைக்கே ஃபாஹிமா எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினாள். கொம்பியூட்டருக்கு ஒரு விலாசத்தை நிரந்தரமாகக் கட்டிவைத்தாள். இனி எத்தனை தரம் கரண்ட் போனாலும் அதை வேறெவரும் எடுக்க முடியாது. கமராவுக்கு நீளமான பாஸ்வேட் ஒன்று போட்டாள். திரும்பவும் வெளியிலிருந்து தட்டிப் பார்த்து, லிங்கை அனுப்பினாள். பொழுதுபட முன்னமே இனாஸ் முழு வீடியோவையும் இறக்கிவிட்டான்.

வேலை முடிந்ததென்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாரா உம்மா போன் எடுத்தார். கலியாணம் நல்லாயிருந்தது, பொண்ணு வடிவு, பாட்டுத்தான் கொஞ்சம் கூடிவிட்டது என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "அந்தக் கருவாடு இப்ப எப்பிடி?"

"காயுது மாமி."

"இனாஸ் வேலைக்குப் போனா நான் கால நீட்டிக்கொண்டு தனிய இரிக்கிறன் புள்ள. டிவில ஒண்டும் விளங்குதில்ல. அது எனக்கு விளங்கிச்சு."

ஃபாஹிமா இரண்டு நாள் மனமில்லாமல் இருந்தாள். வளவைத் திறந்த வீடாக ஆக்க அவளுக்கு விருப்பமில்லை. அன்ஸாரோ ஒரேயடியாகச் சாரா உம்மாவின் பக்கம். அவன் களப்பில் நிற்கும்போது போனைப் பார்க்கத் தோதுப்படுவதில்லை, பூனைக்கும் அது தெரிந்துவிட்டிருந்தது. கடைசியில், கதவு ஒன்றும் திறக்காமல், கமராவுடைய செயலியிலேயே சாரா உம்மாவுக்கு மட்டும் பார்க்க இடம் கொடுத்தாள். பகலில் மட்டும், அன்ஸார் சேட்டுப் போட்டுக்கொண்டுதான் வளவில் இறங்க வேண்டும் என்பது அவள் வைத்த நிபந்தனை. சேட்டுப் போட்டுக் கருவாடு புரட்டுகிறவனைப் பார்த்து, எங்க பயணம் என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். எங்கேயும் இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள் என்றான்.

ஒரு நாள் ஃபாஹிமா காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வேறொரு பொண்ணுடைய அழுகையை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அன்ஸார் களப்பில்.

"புள்ள, அங்க இருட்டிக்கொண்டு வருது" என்றார் சாரா உம்மா. "கருவாட்ட உள்ளுக்கு எடு."

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். மேற்கே வானம் கறுத்துக் காற்றுக் கிளம்பியிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு கருவாடு பரப்பியிருந்த தட்டுகளைத் தூக்கினாள். முதல் துளி விழுந்தது.

"அந்தப் பக்கத்த முதல்ல எடு. தென்னோலக் கிடுகு பறக்குது பாரு, அத மிதி. ஓம், அப்பிடி. இன்னும் ஒண்டு இரிக்கி, பீப்பாய்க்கிட்ட."

"கண்டன் மாமி" என்றாள் ஃபாஹிமா, மூச்சு வாங்க.